மான்செஸ்டரில் பாட்டு தேடி நடந்த நாட்கள்

வியாழன்

பிக்காடில்லி கார்டன்ஸில் நிற்கும் ராபர்ட் பீல் சிலையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. டிராமுக்கு ஓடுகிறவர்கள், காபியும் போனுமாக நடக்கிறவர்கள், அப்புறம் புறாக்கள். ரயிலை விட்டு இறங்கியதும் நான் நேராக வந்து நின்ற இடம் இதுதான். எழுபதுகளில் நாலு பையன்கள் இந்தச் சிலையடியில் நெருக்கியடித்து நிற்க, அவர்களுடைய மேனேஜர் ரிச்சர்ட் பூன் போலராய்டு கேமராவில் ஒரு படம் எடுத்தார். பஸ்காக்ஸ் என்ற இந்த ஊர் பங்க் பேண்டின் முதல் ரெக்கார்டுக்கு அதுதான் அட்டைப்படம்.

‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற அந்த ரெக்கார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரிய கம்பெனியை நம்பாமல் தாங்களே பாட்டு வெளியிடுவதை நாம் இன்று இண்டி என்கிறோமே, அதன் வேர்களில் ஒன்று அது. நாலே பாட்டு. 1976 டிசம்பர் 28 அன்று இதே ஊரில் இண்டிகோ ஸ்டுடியோவில் சில மணி நேரத்தில் பதிவு முடிந்தது. 1977 ஜனவரி 29 அன்று வெளிவந்தது. செலவு 500 பவுண்டு. அதுவும் நண்பர்களிடமும், கிதார் வாசித்த பீட் ஷெல்லியின் அப்பாவிடமும் வாங்கிய கடன். லண்டன் கம்பெனி எதன் வாசலிலும் போய் நிற்கவில்லை. நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிளுக்குப் பெயர் வைத்து ஆயிரம் பிரதி அடித்தார்கள். அது தீர்ந்து, மறுபடி அடித்து, கடைசியில் 16,000 பிரதி போனது. ரெக்கார்டு போட லண்டன் போக வேண்டியதில்லை என்கிற தைரியம் மற்ற ஊர்ப் பையன்களுக்கு இதைப் பார்த்துத்தான் வந்தது.

சிலையிலிருந்து இரண்டு நிமிட நடையில் ஓல்டாம் தெரு. அங்கே பிக்காடில்லி ரெக்கார்ட்ஸ். 1978-ல் தொடங்கிய கடை. உள்ளே போனால் புதுப் பேண்டுகளின் ரெக்கார்டுகளில் கடைக்காரர்களே கேட்டு எழுதிய குறிப்புகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் படித்துக்கொண்டே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம். 2017-ல் மறுபதிப்பாக வந்த ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ ஒன்று கையில் கிடைத்தது. ஏழு அங்குலம், மெல்லிய அட்டை. பின்பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே அது எத்தனையாவது டேக், அதாவது எத்தனையாவது முறை வாசித்துப் பதிந்தது, பிறகு எதைச் சேர்த்தார்கள் என்று அச்சடித்திருக்கிறது. ஒரு பாட்டு மூன்றாவது டேக், மேலே ஒன்றும் சேர்க்கவில்லை. மற்ற மூன்றும் முதல் டேக், கிதார் மட்டும் பிறகு சேர்த்தது. பெரிய கம்பெனி என்றால் இதையெல்லாம் மறைத்துத்தான் வைத்திருக்கும். இவர்கள் செய்முறையையே அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படிக்கிற எந்தப் பையனுக்கும், எந்தப் பெண்ணுக்கும் ‘அட, இவ்வளவுதானா, நாமும் செய்யலாமே’ என்று தோன்றியிருக்கும்.

இந்த அட்டையை நான் இதற்கு முன்பு பார்த்ததில்லை. பாட்டு மட்டும் தெரியும். 2003-ல் திருச்சியில் கல்லூரி விடுதியில் சென்னைக்கார சீனியர் அண்ணன் ஒருவர் ஒரு சி.டி. எரித்துக் கொடுத்தார். நூற்றுக்கும் மேல் எம்.பி.3 பாட்டுகள். சி.டி. மேல் பச்சை மார்க்கரில் ‘மான்செஸ்டர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. பஸ்காக்ஸ், ஜாய் டிவிஷன், தி ஸ்மித்ஸ், தி ஃபால். எது எந்த வருஷம், யார் பாடினார்கள், ஒன்றும் தெரியாது. செமஸ்டர் லீவுக்கு மாயவரம் போகும் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே காவிரிக் கரை வாழைத்தோப்புகள் ஓட, உள்ளே இந்த ஊர் மழையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் வேலை நாட்களில் கம்பெனி பஸ் சோழிங்கநல்லூர் சிக்னலில் நிற்கும்போது காதில் ஓடுவது பெரும்பாலும் அந்த சி.டி.யில் அறிமுகமான ஆட்கள்தான். பார்த்தேயிராத ஒரு ஊர் இருபது வருஷமாக என் பழைய ஞாபகங்களோடு கலந்து கிடக்கிறது. அந்த ஊரைக் காலால் நடந்து பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

ரெக்கார்டை வாங்கினேன். ஊரில் பிளேயர் இல்லை. அந்தப் பின்னட்டை வீட்டில் இருக்க வேண்டும்.

வெள்ளி

நான் தங்கியிருப்பது லீட்ஸில் அக்கா வீட்டில். இங்கே மூன்று இரவுக்கு மட்டும் அறை எடுத்திருக்கிறேன். காலையில் அக்கா போனில் பிடித்தாள். “என்னடா பாத்த?” “ஒரு சிலை, ஒரு கடை.” “சாப்பாடு?” “அதெல்லாம் ஆச்சுக்கா.” அவள் கட்டிக்கொடுத்த புளிசாதம் நேற்று ராத்திரியே தீர்ந்துவிட்டது.

இன்று பீட்டர் தெரு. ஃப்ரீ டிரேட் ஹாலின் முகப்பு அப்படியே இருக்கிறது. உள்ளே இப்போது ஆடம்பர ஹோட்டல். 1819-ல் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப்படையை ஏவிவிட்ட பீட்டர்லூ படுகொலை நடந்தது இந்த மண்ணில்தான். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்கள் ரத்தானதன் நினைவாக அதே இடத்தில் இந்த மண்டபத்தை எழுப்பினார்கள். அந்தச் சட்டத்தை ரத்து செய்த பிரதமர் நேற்றுப் பார்த்த சிலைக்காரர் பீல். 1966-ல் பாப் டிலன் மின்கிதாரோடு மேடையேறியதற்குக் கூட்டத்திலிருந்து ஒருவர் ‘யூதாஸ்’, அதாவது துரோகி, என்று கத்தியதும் இங்கேதான்.

நான் வந்தது மாடியில் இருந்த சின்ன ஹாலுக்காக. 1976 ஜூன் 4. பஸ்காக்ஸின் ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் பேண்டை லண்டனிலிருந்து அழைத்து வந்து வாசிக்க வைத்தார்கள். டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் சில டஜன் பேர். ஆனால் அந்தச் சில டஜனில் பின்னாளில் ஜாய் டிவிஷனும் நியூ ஆர்டரும் ஆன பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் இருந்தார்கள். தி ஃபால் பேண்டைத் தொடங்கிய மார்க் ஈ. ஸ்மித் இருந்தார். பின்னாளில் தி ஸ்மித்ஸின் பாடகரான மோரிஸ்ஸி இருந்தார். ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிதார் வாங்கினார். என் பச்சை மார்க்கர் சி.டி.யில் பாதி, அரைகுறையாக நிரம்பிய அந்த ஒரு அறையிலிருந்து கிளம்பியதுதான்.

ஹோட்டல் வரவேற்பறையில் கொஞ்ச நேரம் நின்றேன். சூட்கேஸ்கள் உருண்டன. மேலே போகக் கேட்கவில்லை.

அங்கிருந்து விட்வொர்த் தெரு மேற்கு. ஹாசியண்டா கிளப் இருந்த இடம். படகுக் கண்காட்சிக் கடையாக இருந்த கட்டடத்தை இந்த ஊர் லேபிளான ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் எடுத்து, பென் கெல்லி வடிவமைக்க, 1982 மே 21-ல் திறந்தார்கள். அந்த லேபிளின் பேண்டான நியூ ஆர்டர் சம்பாதித்ததெல்லாம் இதற்குள் கொட்டியது. 1997-ல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் பெயரும் ஹாசியண்டா. பின்னால் கால்வாய்ப் பக்கச் சுவரில் வருஷ வாரியாக அங்கே நடந்தவற்றை உலோகத்தில் பொறித்திருக்கிறார்கள். எனக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. பெயரை எடுத்துக்கொண்டு சத்தத்தை வெளியேற்றிவிட்ட இடம் அது. சீக்கிரமே நகர்ந்துவிட்டேன்.

சாயங்காலம்தான் இந்தப் பயணம் எனக்குப் புரியத் தொடங்கியது. ஓல்டாம் தெருவில் காஸில் ஹோட்டல் என்று ஒரு பப். பெயரில்தான் ஹோட்டல். முன்னால் நீளமான பார், அதைத் தாண்டிப் போனால் பின்னால் ஒரு அறை. எண்பது பேர் நின்றால் நிறைந்துவிடும். மூன்று பேர் கொண்ட உள்ளூர் பேண்ட், நான் கேள்விப்படாத பெயர். டிக்கெட் பத்து பவுண்டு.

முதலில் வாசித்த துணை பேண்டுக்குப் பதினைந்து பேர்தான் இருந்தோம். அவர்கள் முடித்ததும் தாங்களே ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே வழி கேட்டுக் கேட்டு வெளியே போனார்கள். பிறகு அந்த மூவர். பேஸ் வாசித்த பெண்ணின் காலடியில், பாட்டு வரிசை எழுதிய காகிதத் தட்டு ஒன்று டேப் போட்டு ஒட்டியிருந்தது. மேடை என் முழங்கால் உயரம்கூட இல்லை. முதல் பாட்டின் முதல் அடி விழுந்தபோது சத்தம் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டுக்கு வந்தது. இருபது வருஷமாக இயர்ஃபோனில் கேட்டுப் பழகிய எனக்கு இது மறந்துபோயிருந்தது. பேஸ் என்பது உடம்பால் கேட்க வேண்டிய விஷயம். நாலாவது பாட்டின் நடுவில் டிரம்ஸ் அடித்தவரின் குச்சி முறிந்து பறந்து முன்வரிசை அம்மா ஒருவரின் தோளில் பட்டது. அவர் அதை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டினார். டிரம்மர் தாளம் விடாமல் இன்னொரு குச்சியை உருவினார்.

அடையாறில் அன்வைண்ட் சென்டர் ஞாபகத்துக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சென்னையில் ஸ்க்ராட், ஜங்க்யார்டு குரூவ் மாதிரிப் பேண்டுகள் எல்லாம் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், சனிக்கிழமைகளில் அங்கே போய் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆம்ப் சூட்டின் வாசனை, வேர்வை, முன்னால் நிற்பவனின் கழுத்து. அதே நெருக்கம் இங்கே. எனக்குள் ஏங்கிக்கொண்டிருந்தது 1979-ஆம் வருஷ மான்செஸ்டருக்காக இல்லை. இப்படி ஒரு அறைக்காக என்று இன்றைக்குத் தெரிந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் பேஸ் வாசித்த பெண்ணே வாசலருகே மேஜை போட்டு டி-ஷர்ட்டும் கேசட்டும் விற்றார். சென்னையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும், “எங்களுக்காகவா?” என்று கண்ணை விரித்தார். “இன்றைக்கு உங்களுக்காகத்தான்” என்றேன். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாராம். டிக்கெட் காசு வேன் வாடகைக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும், மேஜையில் விற்பதுதான் கையில் நிற்கும் என்றார். கேசட் ஒன்று, டி-ஷர்ட் ஒன்று வாங்கினேன்.

சனி

காலையில் சால்ஃபோர்ட். ஆர்ட்சால் பகுதியில் செங்கல் வீடுகளுக்கு நடுவே சால்ஃபோர்ட் லேட்ஸ் கிளப். உழைக்கும் வர்க்கத்துப் பையன்களுக்காக 1904-ல் திறந்தது. 1985-ல் ஸ்டீபன் ரைட் என்ற இளைஞர் இதன் வாசலில் தி ஸ்மித்ஸை நிறுத்தி எடுத்த படம் அடுத்த வருஷம் அவர்களுடைய ஆல்பத்தின் உள்ளட்டையில் வந்தது. அதிலிருந்து உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் இந்தப் பச்சைக் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். இன்று ஜப்பானிலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அவர்கள் படத்தை நான் எடுத்தேன், என் படத்தை அவர்கள் எடுத்தார்கள்.

உள்ளே ஸ்மித்ஸுக்கென்றே ஓர் அறை. ரசிகர்கள் எழுதி ஒட்டிய சீட்டுகள், படங்கள், கடிதங்கள் சுவர் தெரியாத அளவுக்கு. பல மொழிகள். தமிழில் ஒன்றும் கண்ணில் படவில்லை. நான் எழுதி ஒட்டினேன்: திருச்சி விடுதியின் பெயரும், சி.டி. கொடுத்த அண்ணனுக்கு நன்றியும்.

ஆனால் அந்த அறையைவிட எனக்குப் பிடித்தது, இந்த இடம் இன்னமும் பிள்ளைகளின் கிளப்பாகவே இருப்பது. குத்துச்சண்டை வளையம் இருக்கிறது. 2024-ல் பணத் தட்டுப்பாட்டால் மூடும் நிலை வந்தபோது 250,000 பவுண்டு திரட்டிக் காப்பாற்றினார்கள். கொடுத்தவர்களில் பலர் இந்தத் தெருவையே பார்க்காத ரசிகர்கள். ஒரு படத்தின் மேல் வைத்த பிரியம் நிஜமான பிள்ளைகளுக்கு விளையாட இடம் கொடுத்திருக்கிறது. பழைய ஞாபகம் செய்யக்கூடிய நல்ல காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். ஹாசியண்டா சுவரில் எனக்குக் கிடைக்காதது இங்கே கிடைத்தது.

மதியம் டிராமில் வெஸ்ட் டிட்ஸ்பரி. 86, பாலடைன் சாலை. 1978-ல் டோனி வில்சனும் ஆலன் எராஸ்மஸும் தொடங்கிய ஃபாக்டரி ரெக்கார்ட்ஸின் முதல் ஆபீஸ், எராஸ்மஸின் ஃப்ளாட். குடியிருப்பு என்பதால் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்தே பார்த்தேன். இங்கேயிருந்து அவர்கள் நடத்திய முறையைக் கேளுங்கள். லாபத்தில் பாதி பேண்டுக்கு, பாதி லேபிளுக்கு. பாட்டின் உரிமை பாடியவர்களுக்கே. 1992-ல் லேபிள் நொடித்து, லண்டன் ரெக்கார்ட்ஸ் வாங்க வந்தபோது, பாட்டுகள் லேபிளின் சொத்தே இல்லை என்று தெரிந்து விற்பனை கவிழ்ந்தது. வியாபாரமாகப் பார்த்தால் பெரிய கோட்டை விட்ட கதை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாக்குக் கொடுத்தபடி கடைசிவரை நடந்தார்கள்.

இன்னொன்று. 1980-ல் வினி ரெய்லியின் பேண்டான தி டுருட்டி காலத்தின் ஆல்பத்துக்கு உப்புத்தாளில் அட்டை போட்டார்கள். அலமாரியில் பக்கத்தில் வைக்கிற மற்ற ரெக்கார்டுகளை அது சுரண்டிவிடும், அதுதான் நோக்கம். அந்த உப்புத்தாளை ஒட்டுகிற வேலையைச் செய்தது ஜாய் டிவிஷன் ஆட்கள். அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் பசையும் கையுமாக உட்கார்ந்து அட்டை ஒட்டியதை நினைத்துப் பார்க்கிறேன். அதே வருஷம் மே 18-ல், 23 வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த வயசு உறுத்தும்.

பிறகு நடந்தே சதர்ன் கல்லறைத் தோட்டம். டோனி வில்சனின் கல் கறுப்புக் கிரானைட், பளபளவென்று. ஃபாக்டரியின் அட்டைகளை வடிவமைத்த பீட்டர் சாவில்லும் பென் கெல்லியும் சேர்ந்து வடிவமைத்தது. ஃபாக்டரியில் ரெக்கார்டு, போஸ்டர், கிளப், அந்தக் கிளப்பின் பூனை வரை எல்லாவற்றுக்கும் எண் கொடுப்பார்கள். 2007-ல் வில்சன் இறந்தபோது சவப்பெட்டிக்கும் கொடுத்தார்கள்: ஃபாக் 501. ஜாய் டிவிஷனின் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட்டும், மேனேஜர் ராப் கிரெட்டனும் இதே தோட்டத்தில்தான் உறங்குகிறார்கள். ஸ்பைரல் ஸ்கிராட்சைத் தயாரித்தவரும் ஹானெட்தான். என்னிடம் பூ இல்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு

கடைசிக் காலைச் சாப்பாடு ஓல்டாம் தெருவில், நைட் அண்ட் டே கஃபேக்கு எதிரில் இருந்த ஒரு கடையில். 1991 முதல் இருக்கிற இடம் அந்தக் கஃபே. எல்போ மாதிரிப் பேண்டுகள் சின்னவர்களாக இருந்தபோது வாசித்தது அங்கேதான். 2021-ல் பக்கத்து ஃப்ளாட்டில் குடிவந்தவர்களின் புகாரின் பேரில் மாநகராட்சி இரைச்சல் அறிவிக்கை கொடுத்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்து, 2024 தொடக்கத்தில், இரைச்சல் அளவைக் குறைத்துக்கொண்டு தொடரலாம் என்று முடிந்தது. இசை இருக்கிற தெரு என்று விளம்பரம் செய்து ஃப்ளாட் விற்கிறார்கள். அப்புறம் அந்த இசையே தொந்தரவு என்கிறார்கள். கோபம் வருகிறது.

பிரிட்டனில் சின்ன அரங்குகளுக்காக 2014 முதல் மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பு பாடுபடுகிறது. 2023-ஆம் வருஷத்தில் மட்டும் 125 சின்ன அரங்குகள் போய்விட்டன என்று அவர்கள் கணக்கு. அடுத்த வருஷமே இந்த ஊரில் 23,500 பேர் கொள்ளும் கோ-ஆப் லைவ் அரங்கு திறந்தது. பெரிய அரங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே நிற்கப்போகிறவர்கள் முதலில் எண்பது பேர் அறையில்தானே நிற்க வேண்டும்? பெரிய அரங்குகளின் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் ஒரு பவுண்டைச் சின்ன அரங்குகளுக்கு ஒதுக்கச் சொல்லி அந்த டிரஸ்ட்காரர்கள் கேட்டு வருகிறார்கள். நியாயமான கேள்வி. சென்னையிலும் யாராவது கேட்க வேண்டும். குரங்கன், காபர் வாசுகி என்று தமிழில் தனியாகப் பாட்டு செய்கிறவர்கள் நமக்கு இருக்கிறார்கள். மாதாமாதம் நம்பி வாசிக்கிற மாதிரி அறைகள்தான் கைவிரலுக்குள் இருக்கின்றன.

இங்கே வருகிறவர்களுக்கு: ஓல்டாம் தெரு வட்டாரத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். லேட்ஸ் கிளப் திறக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். கல்லறைத் தோட்டம் ரொம்பப் பெரியது, கல் இருக்கும் பகுதியைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. ராத்திரியில் தெரிந்த பேண்டைத் தேடாதீர்கள். அன்றைக்கு யார் வாசிக்கிறார்களோ அவர்களுக்கு டிக்கெட் எடுங்கள்.

ரயிலில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் கேசட் உறைக்குள் இருந்த சீட்டைப் பார்த்தேன். அந்த மூவர் அடுத்த வியாழன் லீட்ஸில் புரூடனெல் சோஷியல் கிளப்பில் வாசிக்கிறார்கள், வேறொரு பேண்டுக்குத் துணையாக. அக்காவுக்குப் போன் செய்தேன். “நின்னுக்கிட்டே பாக்கணுமா? எவ்ளோ நேரம்?” என்றாள். “ரெண்டு மணி நேரம். மாமாவையும் கூட்டிட்டு வா” என்றேன். மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று. கதவு ஏழரைக்குத் திறக்கிறது, இவர்கள் எட்டுக்கே மேடையேறிவிடுவார்கள். வேலையிலிருந்து அன்றைக்குச் சீக்கிரம் வரச்சொல்லி இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.